இரத்ததானம்: வருடத்துக்கு ஒரு முகாம் அல்ல, நான்கு மாதத்துக்கு ஒரு முறை

"அவசரம். நாளை காலை சத்திரசிகிச்சை. ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை. தயவுசெய்து அனைவருக்கும் பகிரவும்." இப்படியொரு செய்தி வராத வாட்ஸ்அப் குழு எமது ஊர்களில் இருக்காது. ஒரு குழுவிலிருந்து பத்துக் குழுக்களுக்குப் போகும். நோயாளி சுகமாகி வீடு திரும்பிப் பல மாதங்களான பின்பும் அதே செய்தி திகதி இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

பகிர்பவர்களின் நல்ல மனதைக் குறை சொல்ல முடியாது. ஆபத்து என்று கேள்விப்பட்டால் நள்ளிரவிலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகிற இளைஞர்கள் எமது ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. அந்த இரத்தம் ஏன் ஏற்கெனவே இரத்த வங்கியில் இருக்கவில்லை?

இரத்ததானத்தை நாம் ஒரு விழாவாகவோ ஓர் அவசர உதவியாகவோதான் பார்க்கப் பழகியிருக்கிறோம். பள்ளிவாசல் சந்தாவைப் போல, நாள் குறித்து, யாரும் கேட்காமலே போய்ச் செலுத்தும் ஒன்றாக அது இன்னும் மாறவில்லை. அது ஏன் மாற வேண்டும், எப்படி மாற்றலாம் என்பதையே இங்கு விளக்க முயல்கிறேன்.

கொடுத்த கையோடு ஏற்றிவிட முடியாது

ஒருவர் கொடுக்கும் இரத்தத்தை அடுத்த அறையில் உள்ள நோயாளிக்கு உடனே ஏற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு பையும் முதலில் எச்.ஐ.வி, ஈரல் அழற்சி பி, ஈரல் அழற்சி சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்பட வேண்டும். இரத்த வகை உறுதிப்படுத்தப்பட வேண்டும். செங்குழியம், சிறுதட்டுக்கள், திரவவிழையம் என்று பிரித்தெடுக்கப்பட வேண்டும். பிறகு நோயாளியின் இரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மணித்தியாலங்கள் தேவை.

பிரசவத்தின் பின் கடுமையான குருதிப்பெருக்கு ஏற்பட்ட ஒரு தாய்க்கு அவ்வளவு நேரம் இருப்பதில்லை. அதுவரை ஆரோக்கியமாக இருந்த ஒரு பெண்ணின் உயிர் சில மணித்தியாலங்களுக்குள் போய்விடக்கூடும். வீதி விபத்தில் அடிபட்டு வருபவரின் நிலையும் இதுதான். அந்த நேரத்தில் அவர்களுக்கு உதவுவது, யாரோ ஒருவர் போன வாரமோ போன மாதமோ கொடுத்து, பரிசோதனை முடிந்து, குளிரூட்டியில் தயாராக இருக்கும் பை மட்டுமே.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்தபோது, நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த நிலையத்தில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். முஸ்லிம்களும் அந்த வரிசையில் நின்றார்கள். இந்த நாட்டு மக்களைப் பற்றிப் பெருமைப்படக்கூடிய காட்சி அது. ஆனாலும் அன்று காலை முதல் மணித்தியாலங்களில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்கு ஏறியது, அந்த வரிசைக்கு முன்பே சேமிக்கப்பட்டிருந்த இரத்தம். எந்தச் செய்தியும் இல்லாத ஒரு சாதாரண நாளில், எந்த அவசரமும் இல்லாமல் வந்து படுத்துக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் இரத்தம் அது.

சேமித்து வைக்கவும் எல்லை உண்டு

அப்படியானால் வருடத்துக்கு ஒரு பெரிய முகாம் வைத்து ஐந்நூறு பைகளைச் சேர்த்துவிட்டால் போதாதா? போதாது. இரத்தம் பழுதாகும் பொருள்.

செங்குழியங்களைக் குளிரூட்டியில் 35 முதல் 42 நாட்கள் வரைதான் வைத்திருக்கலாம். சிறுதட்டுக்களுக்கு ஐந்தே நாட்கள். அவற்றை அறை வெப்பநிலையில் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். உறைய வைக்கப்பட்ட திரவவிழையம் மாத்திரமே மாதக் கணக்கில் தாங்கும்.

சிறுதட்டுக்கள் யாருக்குத் தேவை என்று பாருங்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு பிள்ளைக்கு, மருந்தின் தாக்கத்தால் சிறுதட்டுக்கள் குறைந்து இரத்தக் கசிவு ஏற்படலாம். அந்தப் பிள்ளைக்குப் போன மாதத்து முகாம் உதவாது. இந்த வாரம் யாராவது கொடுத்திருக்க வேண்டும். அடுத்த வாரமும் யாராவது கொடுக்க வேண்டும்.

தலசீமியாவும் அப்படித்தான். இந்தப் பரம்பரை நோய் கடுமையாக உள்ள பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். குருநாகலில் இதற்கென்றே பெரிய சிகிச்சை நிலையம் இயங்குகிறது. அனுராதபுரம், பதுளை, றாகமை ஆகிய இடங்களிலும் சிகிச்சை வழங்கப்படுகிறது. தாய், தந்தை இருவருமே இந்நோயின் காவிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வரும். மச்சான், மச்சினி முறையில் நெருங்கிய உறவுக்குள் திருமணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு அதிகம். எமது சமூகத்திலும் இவ்வழக்கம் உள்ளதால், திருமணத்துக்கு முன் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது பற்றி நிக்காஹ் பேசும் வீடுகளில் பேசப்பட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று வாரத்துக்கு ஒரு பை என்றால் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்குப் பதினேழு பைகள் வேண்டும். ஒருவர் வருடத்துக்கு அதிகபட்சம் மூன்று தடவைகள்தான் இரத்தம் கொடுக்கலாம். ஆக, ஒரே ஒரு பிள்ளையை உயிரோடு வைத்திருக்க ஆறு பேர் தவறாமல், வருடா வருடம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு வரும் அறுபது பேரால் இதைச் செய்ய முடியாது.

சொந்தக்காரர் இரத்தம்தான் நல்லதா?

"வெளியாள் இரத்தம் வேண்டாம், நாங்களே ஆள் கொண்டு வருகிறோம்" என்று சொல்லும் குடும்பங்களை இன்றும் காணலாம். தெரிந்தவரின் இரத்தம் பாதுகாப்பானது என்ற எண்ணம்தான் காரணம். உண்மை பெரும்பாலும் இதற்கு எதிரானது.

தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் அது தெரியாமல் போகக்கூடிய ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நோயாளியைப் பாதுகாப்பது, கொடையாளி மனம் திறந்து சொல்லும் உண்மை. மாமாவுக்கு இரத்தம் வேண்டும் என்று வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓர் இளைஞர் தன் சொந்த வாழ்க்கையில் உள்ள ஒரு விடயத்தைக் காரணம் காட்டி விலகுவது எளிதல்ல. அவர் அதை மறைத்துவிட்டுக் கொடுக்கக்கூடும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தானாக வருபவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர் வழக்கமாகக் கொடுப்பவர் என்றால், ஒவ்வொரு தடவையும் பரிசோதிக்கப்பட்டவரும்கூட. உலகெங்கும் தொடர்ந்து கொடுக்கும் தன்னார்வக் கொடையாளர்களே மிகப் பாதுகாப்பானவர்கள் என்று கருதப்படுவதற்குக் காரணம் இதுதான்.

மற்றொரு காரணமும் உண்டு. மிக நெருங்கிய உறவினரின் இரத்தத்தில் உள்ள வெண்குழியங்களை நோயாளியின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அப்போது அவை பெருகி நோயாளியின் உடலையே தாக்கக்கூடும். இது மிக மிக அரிதாகவே நடக்கும். ஆனால் நடந்தால் பெரும்பாலும் உயிராபத்தில்தான் முடியும். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இந்த ஆபத்து சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

2014ஆம் ஆண்டு, இலங்கை தனது இரத்தத் தேவையை முழுமையாகத் தன்னார்வக் கொடையாளர்களைக் கொண்டே நிறைவுசெய்யும் நாடானது. நோயாளியின் வீட்டார் பதிலுக்கு ஆள் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதே ஆண்டு ஜூன் 14ஆம் திகதி, உலக இரத்ததானத் தினத்தின் சர்வதேச நிகழ்வை நடத்தும் வாய்ப்பும் இலங்கைக்குக் கிடைத்தது. தாய்மாரின் உயிர்காக்கும் பாதுகாப்பான இரத்தம் என்பதே அவ்வருடத்தின் கருப்பொருள். எம்மை விட வசதியான பல நாடுகள் இன்னும் எட்டாத நிலை இது. வருடத்துக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பைகள் சேகரிக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி பாடசாலைகளிலும் விகாரைகளிலும் பள்ளிவாசல்களிலும் அலுவலகங்களிலும் நடக்கும் நடமாடும் முகாம்களிலிருந்தே வருகிறது.

அந்தப் பையில் ஓர் இலக்கமும் இரத்த வகையும் இருக்கும். கொடுத்தவரின் பெயரோ மதமோ இருக்காது. வெசாக், பொசன் காலங்களில் விகாரைகளில் நடக்கும் முகாம்களில் சேரும் இரத்தம், குருநாகலில் ஒரு முஸ்லிம் பிள்ளையின் கையில் ஏறுகிறது. எமது பள்ளிவாசலில் கொடுத்தது அம்பாறையில் ஒரு சிங்கள விவசாயிக்கோ மட்டக்களப்பில் ஒரு தமிழ்த் தாய்க்கோ போகிறது. நாம் எடுக்கும் அளவுக்குக் கொடுக்கிறோமா என்று ஒவ்வோர் ஊரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

ஏன் நான்கு மாதம்?

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம் இருக்கிறது. எடுக்கப்படுவது வழமையாக 450 மில்லிலீற்றர், அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊசி ஏறியதிலிருந்து பத்து நிமிடமளவில் முடிந்துவிடும். குறைந்த திரவத்தை உடல் ஓரிரு நாளில் ஈடுசெய்துவிடும். செங்குழியங்கள் பழைய அளவுக்கு வரச் சில வாரங்கள் எடுக்கும்.

அதிக காலம் எடுப்பது இரும்புச்சத்துத்தான். ஒரு தடவை இரத்தம் கொடுக்கும்போது 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து போகிறது. உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஓரிரு மில்லிகிராம் மாத்திரம். அதனால்தான் எமது நாட்டில் இரண்டு தடவைகளுக்கு இடையில் நான்கு மாதங்கள் விட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். "போன மாதமும் கொடுத்தேன், இந்த மாதமும் கொடுக்கிறேன்" என்பது வீரமல்ல. அது உடலுக்குச் செய்யும் அநீதி.

தொடர்ந்து கொடுப்பவர் சாப்பாட்டில் கவனம் வைக்க வேண்டும். ஈரல், மாட்டிறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் இலகுவாக எடுத்துக்கொள்ளும். முருங்கை இலை, கீரை வகைகள், பயறு, கடலை ஆகியவற்றில் உள்ளதை எடுத்துக்கொள்ள உயிர்ச்சத்து சி உதவும். எனவே கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேருங்கள், அல்லது கொய்யாவோ தோடம்பழமோ சாப்பிடுங்கள். எமது வீடுகளில் சோறு சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் உண்டு. தேயிலை இரும்புச்சத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும். அந்தத் தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தாலே நல்ல பலன் உண்டு.

இரத்தம் கொடுத்தால் கொழுப்பு குறையும், மாரடைப்பு வராது என்றெல்லாம் சில முகாம்களில் சொல்லப்படுகிறது. அவை உறுதியாக நிரூபிக்கப்பட்டவை அல்ல. கொடுப்பவருக்கு இலாபம் காட்டித்தான் இந்த நற்செயலுக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்ற நிலை எமக்கு வேண்டாம்.

எமக்குள் எழும் கேள்விகள்

ஹிஜாமா செய்கிறோமே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஹிஜாமாவில் வெளியேறும் இரத்தம் எந்த நோயாளிக்கும் பயன்படுவதில்லை. இரண்டும் வெவ்வேறு விடயங்கள். அத்தோடு, தோலைக் கீறிச் செய்யும் சிகிச்சை என்பதால் அண்மையில் ஹிஜாமா செய்தவர் அதை முகாமில் உள்ள வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் சில காலம் பொறுக்கச் சொல்லக்கூடும். காது குத்தியவர்கள், மருந்து எடுப்பவர்கள், அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஆகியோரும் அப்படியே சொல்ல வேண்டும்.

நோன்பு பற்றிய கேள்வி முக்கியமானது. இரத்தம் குத்தியெடுப்பது ஷாபிஈ மத்ஹபில் நோன்பை முறிப்பதாகக் கொள்ளப்படுவதில்லை. எனினும் பலவீனத்தை ஏற்படுத்தும் என்பதால் அது விரும்பத்தக்கதும் அல்ல. ஹன்பலி மத்ஹபில் அது நோன்பை முறிக்கும் என்ற கருத்து உள்ளது. இரத்ததானத்தையும் உலமாக்கள் இதையொட்டியே பார்க்கிறார்கள். மேலதிக விளக்கம் வேண்டுவோர் தமது ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். மருத்துவ ரீதியில், வெறும் வயிற்றோடும் தாகத்தோடும் இரத்தம் கொடுப்பவருக்கு மயக்கம் வரும் வாய்ப்பு அதிகம். எனவே பகலில் கொடுக்காமல், நோன்பு திறந்து, உண்டு, போதுமான நீர் அருந்திய பின் இரவில் கொடுப்பதே நல்லது. ரமழானில் நோயாளிகளின் தேவை குறைவதில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பிரதேசங்களில் அந்த ஒரு மாதமும் பகல் முகாம் வைக்க முடியாது. தராவீஹுக்குப் பின் முகாம் வைப்பதும், நோன்புக்கு முந்திய வாரத்திலும் பெருநாளுக்கு அடுத்த வாரத்திலும் வைப்பதும் இந்த இடைவெளியை நிரப்பும்.

பெண்களின் பங்களிப்பு எமது முகாம்களில் மிகக் குறைவாகவே தெரிகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கொடுக்கக் கூடாது. இரத்தச்சோகை உள்ளவர்களும் கொடுக்க முடியாது. ஆனால் இவையில்லாத பெண்களும் வராமல் இருப்பதற்கு, ஆண்கள் நிறைந்த ஒரே மண்டபத்தில் கட்டில்களைப் போடுவதும் ஒரு காரணம். திரையிட்ட தனியிடமும், பெண் தாதியரும், வேறு நேரமும் ஒதுக்கினால் பலர் முன்வருவார்கள். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கும் அது நன்மையே. தன் உடலில் உள்ள குறையை அவர் அன்று அறிந்துகொள்கிறார்.

ஊருக்கு நான்கு பட்டியல்

இதை வழக்கமாக்குவது எப்படி? உதாரணமாக, கொடுக்கத் தகுதியுள்ள முந்நூறு பேர் ஒரு மஹல்லாவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வருடத்துக்கு ஒரு முகாம் நடக்கிறது. முந்நூறு பேரும் வந்தாலும் முந்நூறு பைகள்தான். அவையும் ஒரே நாளில் குவிகின்றன.

அதே முந்நூறு பேரை எழுபத்தைந்து பேர் கொண்ட நான்கு பட்டியல்களாகப் பிரியுங்கள். முதலாவது பட்டியல் ஜனவரி, மே, செப்டம்பர். இரண்டாவது பெப்ரவரி, ஜூன், ஒக்டோபர். மூன்றாவது மார்ச், ஜூலை, நவம்பர். நான்காவது ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். ஒவ்வொருவருக்கும் நான்கு மாத இடைவெளி கிடைக்கிறது. இரத்த வங்கிக்கு ஒவ்வொரு மாதமும் எழுபத்தைந்து பைகள் கிடைக்கின்றன. வருட முடிவில் தொள்ளாயிரம் பைகள். ஆட்கள் அதே ஆட்கள், ஆனால் இரத்தம் மூன்று மடங்கு. பாதிப் பேர்தான் வந்தார்கள் என்றாலும், பழைய முறையை விட அதிகமாகவே இருக்கும்.

இதற்குப் பெரிய செலவில்லை. பள்ளிவாசல் நிருவாக சபையோ விளையாட்டுக் கழகமோ பழைய மாணவர் சங்கமோ பொறுப்பெடுத்து, அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் இரத்த வங்கியோடு பேசித் திகதிகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். காற்றோட்டமான மண்டபமும், தண்ணீர் மற்றும் கழிவறை வசதியும், சிற்றுண்டியும் இருந்தால் போதும். ஜும்ஆவின் பின் ஓர் அறிவித்தல், முதல்நாள் இரவு பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி. அந்தக் குழு உண்மையில் பயன்பட வேண்டிய இடம் இதுதான். பதாகை, பிரதம அதிதி, நினைவுச் சின்னம் எதுவும் தேவையில்லை.

ஆர்எச் நெகட்டிவ் வகையினருக்கு ஒரு வார்த்தை. எமது நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான் இவ்வகையினர். இவர்கள் தமது விபரத்தை அருகிலுள்ள இரத்த வங்கியில் பதிந்துவைத்து, அவர்கள் அழைக்கும் நேரத்தில் போவது பெரும் உதவியாக இருக்கும். குறிப்பாக ஓ நெகட்டிவ், நோயாளியின் வகையைப் பார்க்கக்கூட நேரமில்லாத வேளையில் கைகொடுக்கும் இரத்தம்.

கொடுக்க எண்ணுபவர் 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவராக, 50 கிலோகிராமுக்குக் குறையாத எடையோடு, கடுமையான நோய்கள் இல்லாதவராக இருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். முதல் இரவு நன்றாகத் தூங்குங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். கேள்விப் படிவத்துக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது. கொடுத்த பின் கால் மணித்தியாலமாவது அமர்ந்திருங்கள். அன்றைய நாள் பாரம் தூக்குவது, மரம் ஏறுவது, கடலுக்குப் போவது வேண்டாம்.

அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆவது வசனம் எமது முகாம்களின் பதாகைகளில் எல்லாம் இடம்பெறுகிறது. அதை ஓதி, கேட்டு, பகிர்ந்து வளர்ந்த சமூகம் நாம். பதினெட்டு வயதில் தொடங்கி அறுபது வரை நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் ஒருவர், தன் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பைகளைக் கொடுத்திருப்பார். ஒரு பையைப் பிரித்தால் மூன்று பேர் வரை பயன்பெறலாம். அவர்களில் ஒருவரைக்கூட அவர் சந்திக்கப் போவதில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மம் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

நீங்கள் கடைசியாக இரத்தம் கொடுத்தது எப்போது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நான்கு மாதம் கடந்திருந்தால், இந்த வாரம் ஒரு நாளை ஒதுக்குங்கள். கடக்கவில்லை என்றால், நாட்காட்டியில் அந்தத் திகதியை இப்போதே குறித்து வையுங்கள்.